விற்காதவர்களின் வகுப்பு

ஒழுக்கத்தைக் கட்டணம் கட்டிக் கற்கப் போகிறவர்களிடம் துப்பறிவாளர் நிதானத்துக்கு மரியாதை கிடையாது. பெற்றவர்கள் தலையில் குட்டியபோது கற்காததை, நிலத்தடிக் கூடம் ஒன்றில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து கற்றுவிடலாம் என்று நம்புகிறவனிடம் எதையும் விற்றுவிடலாம் என்பது அவர் கட்சி. அதனால், மருந்துக்கடைப் பெரியவர் தம் குடும்பமே அப்படி ஒரு முதலீட்டு வகுப்பில் படிக்கிறது என்று சொன்னதும், நிதானம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். சிரிப்பை மறைக்க வேண்டியபோது அவர் செய்கிற காரியம் அது.

நிதானம் என்பது தெரிந்தவர்கள் வைத்த பெயர். தானாக எரிந்த கிடங்கையும் முதலாளி எரித்த கிடங்கையும் காப்பீட்டுக் கம்பெனிக்காகப் பிரித்துச் சொல்லியே தலை நரைத்தவர். வேலையை விட்டதும் துப்பறிவதையே சொந்தத் தொழிலாக்கிக்கொண்டார். உதவிக்கு ஒரு பெண்மணி. முன்பு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டிருந்தவள், இப்போது அதை வாயால் போடுகிறாள். ஆகவே அவள் பெயர் ஊசி.

மருந்துக்கடையின் பின்னறையில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே, முதுகு சாயாமல் பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவர் எடுத்துக் கொடுக்கும் மாத்திரையை உறையைக்கூடப் படிக்காமல் விழுங்குகிற தெரு அது. அப்படிப்பட்ட மனிதர் இன்று குரலைத் தாழ்த்திப் பேச வேண்டியிருந்தது.

“என் பொண்ணோட டிஜிட்டல் காசு மொத்தமும் போயிடுச்சு தம்பி. எடுத்தது அவ அண்ணிதான்னு சொல்றா. அதாவது, என் மருமகள்.”

“மருமகள் என்ன சொல்றாங்க?”

“அதுதான் என்னைக் கொல்லுது. எடுத்தேன்னும் சொல்லல, எடுக்கலன்னும் சொல்லல. வாயைத் திறக்கவே மாட்டேங்குறா.”

“அவங்களால எடுக்க முடியுமா?”

பெரியவர் வகுப்பின் முறையை விளக்கினார். விளக்கும்போது குரலில் ஒரு பெருமை வந்து உட்கார்ந்துகொண்டது. மாதாமாதம் ஒரே தொகை. பாதி பங்குகளில், பாதி டிஜிட்டல் காசில். எல்லாம் ஆசான் கொடுத்த ஆப்பில் இருக்கும். அதைத் திறந்து விற்கப் பன்னிரண்டு ரகசியச் சொற்கள் வேண்டும். சந்தை ஆடும்போது பதறிப்போய் யாரும் விற்றுவிடக் கூடாது என்பதற்காக, சொற்களைப் பாதியாகப் பிரித்து, இயந்திரத்தில் அச்சடித்து, மடித்த சீட்டாகத் தருவார்கள். ஒரு பாதி நம்மிடம். மறு பாதி ‘பூட்டுத் துணை’ என்று வகுப்பில் இணைத்துவிடும் இன்னொருவரிடம். இருவரும் மனம் ஒத்தால்தான் பூட்டு திறக்கும்.

“உங்க பொண்ணுக்குப் பூட்டுத் துணை, மருமகள்?”

“ஆமா.”

“பூட்டு வித்தவரே சாவியும் வெட்டித் தர்றாராக்கும்,” என்றாள் ஊசி.

பெரியவர் அவளைப் பார்த்த பார்வையில் ஜுரமே இறங்கியிருக்கும். “ஆசானைப் பத்திப் பேசாதம்மா. சந்தேகம் இருக்கறவங்க இந்தக் கடைப்படி ஏற வேண்டாம்.”

நிதானம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “இப்ப என்ன அவசரம் ஐயா?”

“இன்னிக்குச் சாயங்காலம் வகுப்பு. எல்லார் முன்னாடியும் அவளை நிறுத்திப் பேரைச் சொல்லி வெளியே அனுப்பணும்னு ஆசான் முடிவு பண்ணியிருக்கார். என் வீட்டுப் பொண்ணு, தம்பி. இந்தத் தெருவுல எங்களை யாரும் இதுவரைக்கும் ஒரு சொல் சொன்னதில்ல.” சட்டம் போடுகிறவர் போலத் தொடர்ந்தார். “அவ எடுத்திருந்தா எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. எடுக்கலன்னா, எல்லார்கிட்டயும் சொல்லுங்க.”

---

கடைக்கு மேலே முதல் மாடியில் மகனும் மருமகளும். இரண்டாம் மாடியில் மகள். அவள் கணவன் கப்பலில் வேலை. ஒரே கட்டடம், ஒரே படிக்கட்டு. யாருடைய அலமாரி எங்கே இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாத ரகசியமல்ல.

படியேறும்போதே ஊசி ஆரம்பித்துவிட்டாள். “அண்ணே, நானும் மாசாமாசம் பங்கு வாங்கறேன். ஒரு தடவை சரிபாதியா இறங்குச்சு. அழுதுக்கிட்டே வாங்கினேன். அழறதுக்கு ஆசானெல்லாம் வெச்சுக்கல.”

“நீ வாங்கினது உன் பேர்ல இருக்கா?”

“டிவிடெண்ட் வருது. வந்த அன்னிக்கு ஒரு புடவை எடுத்தேன்.”

“அப்ப நீ ஒழுக்கம் இல்லாதவ,” என்றார் நிதானம்.

மகள் கதவைத் திறந்தாள். நறுக்குத் தெறித்தாற்போல் பேசுகிற பெண். குளிர்சாதனப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: பார்க்காதே. பதறாதே. விற்காதே.

“‘கேட்காதே’ன்னு ஒண்ணு விட்டுப் போச்சே,” என்றாள் ஊசி.

மகளுக்கு அது கேலி என்று புரியவில்லை. “அது தனியா சொல்ல வேண்டியதில்ல. ஆசான் பேசும்போது யாரும் கேள்வி கேக்க மாட்டோம்.”

“கணக்கை எப்ப திறந்து பார்ப்பீங்க?”

“மாசக் கடைசி வெள்ளிக்கிழமை, வகுப்புல ஆசானே எண்ணைத் திரையில காட்டுவார். போன தடவை எனக்குப் பூஜ்யம்னு வந்துச்சு. மத்த நாள்ல பார்த்தா மனசு அலையும்.”

“கப்பல்ல இருக்கிறவர்கிட்ட பேசறதும் வெள்ளிக்கிழமைதானா?”

“ஊசி,” என்றார் நிதானம். அவள் அடங்கினாள். அவர் தொடர்ந்தார். “நீங்க போட்டது எப்பவாவது இறங்கியிருக்காம்மா?”

“ஒரு தடவை கூட இல்ல. ஏறிக்கிட்டேதான் இருந்துச்சு.”

“ஊர் உலகத்துல எல்லாருக்கும் இறங்கினப்ப?”

“அதுதான் ஆசானோட தேர்வு.”

“பங்குகளுக்கு டிவிடெண்ட்?”

“அவரே திரும்ப முதலீடு பண்ணிடுவார். கையில வந்தா செலவாயிடும்.”

“நீங்க எப்பவாவது வித்திருக்கீங்களா?”

ஏதோ ஆகாத வார்த்தையைக் கேட்டுவிட்டவள் போல் மகள் முகத்தைச் சுளித்தாள். “எங்க வகுப்புல ஒருத்தர் கூட இதுவரைக்கும் வித்ததில்ல. அதுதான் எங்க பெருமை. இப்ப அதுவும் போச்சு, அண்ணியால.”

இங்கே நிதானத்துக்கு அலட்சியம் போய்க் கவனம் வந்தது. ஒரு கடையில் பொருள் வாங்கினவர்கள் அத்தனை பேரும் அதைப் பிரிக்காமலே வைத்திருக்கிறார்கள் என்றால், பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது கடைக்காரனுக்கு மட்டுமே தெரியும். எரிந்த கிடங்குகளில் அவர் கற்ற பாடம் அது. காலிப் பெட்டிகள்தான் மிக ஒழுங்காக அடுக்கியிருக்கும்.

“உங்க பாதிச் சீட்டைக் காட்டுங்க.”

“அதைத் திறக்கக் கூடாது.”

“காசே போயிடுச்சு. இனிமே வெறும் வீட்டுக்கு எதுக்கும்மா பூட்டு?” என்றாள் ஊசி.

மகள் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு காகிதக் கவரை எடுத்து வந்தாள். பெரியவர் கடையில் மருந்து போட்டுத் தரும் கவர். அதன் ஒரு மூலை பழுப்பேறி விறைத்துப் போயிருந்தது.

“கடைக் கவர்ல வெச்சிருக்கீங்களே.”

“எல்லாருமே இதுலதான் வெச்சிருக்காங்க. வகுப்புல பாதிப்பேர் மருந்து வாங்க வந்தப்ப அப்பா சொல்லிச் சேர்ந்தவங்கதானே. மருந்தைக் கவர்ல போட்டுக் குடுத்து, கூடவே ஆசான் பேரையும் சொல்வார்.”

நிதானம் கவரை முகர்ந்து பார்த்தார். “இருமல் மருந்து.”

மகள் கொஞ்சம் கூசினாள். “பாட்டில் ஒழுகின கவர். காய வெச்சேன். நல்ல கவரைத் தூக்கிப் போட்டா அப்பாவுக்குப் பிடிக்காது. எங்க வீட்டுல அப்படித்தான்.”

“காய வெச்ச பிறகு சீட்டை உள்ளே போட்டீங்க. சரியா காயல.”

சீட்டை மெதுவாக இழுத்தார். வந்தது. ஆனால் அதன் கடைசி வரி மட்டும் மருந்தில் ஊறி, கரைந்து, ஒரு பழுப்புக் கறையாகக் கவரோடு ஒட்டிப் போயிருந்தது. மேலே இருந்த ஐந்து சொற்களைப் படிக்க முடிந்தது. ஆறாவது சொல் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை.

“இந்தக் கடைசிச் சொல் என்னம்மா?”

மகள் வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “எனக்குத் தெரியாது. நான் இதைத் திறந்ததே இல்லையே.”

“கறை பழசு. இன்னிக்கு நேத்திக்கு ஆனதில்ல. உங்க அண்ணி இதை எடுத்துப் பார்த்திருந்தா, அவங்களுக்கும் அஞ்சு சொல்தான் கிடைச்சிருக்கும். அவங்ககிட்ட இருக்கிற ஆறையும் சேர்த்தா பதினொண்ணு. பன்னிரண்டாவது உலகத்துல யார்கிட்டயும் இல்ல. ஆனா பூட்டு திறந்திருக்கு.”

“அப்படின்னா?”

“ஊசி, அவங்க போனை வாங்கு. பன்னிரண்டு சொல் அடி. எதுவா இருந்தாலும் சரி.”

“பன்னிரண்டே பன்னிரண்டா? என் மாமியார் என்னைக் கூப்பிட்ட பேர்லேயே இருபது தேறும்.” ஊசி ஆப்பைத் திறந்து, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே அடித்தாள். “மண்ணு. மரமண்டை. மக்கு. மட்டி. அசடு. பேக்கு. கூமுட்டை...” பன்னிரண்டு ஆனதும் ‘திற’ என்பதை அழுத்தினாள்.

திரையில் ஒரு தாமரை மலர்ந்தது. வணக்கம், ஒழுக்கமான முதலீட்டாளரே. தங்கள் இருப்பு: பூஜ்யம்.

“யாரைப் பார்த்து வணக்கம் சொல்லுதுன்னு பாருங்க,” என்றாள் ஊசி.

“நிஜமான பெட்டியில ஒரு எழுத்து தப்பினாலே திறக்காதும்மா,” என்றார் நிதானம். “எந்தச் சாவி போட்டாலும் திறக்குதுன்னா அது பூட்டு இல்ல. கதவுல வரைஞ்ச பூட்டுப் படம். உள்ளே வீடும் இல்ல.”

மகள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். முகம் வெளுத்திருந்தது. ஆனால் படித்த பாடம் லேசில் விடுமா. “ஆப்ல ஏதாவது கோளாறா இருக்கும்,” என்றாள். “ஆசான்கிட்ட கேட்டாத் தெரிஞ்சிடும்.”

நிதானம் மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார். இந்தத் தடவை சிரிப்பை மறைக்க அல்ல.

---

முதல் மாடியில் மருமகள் ஜன்னல் கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். மருந்தாளுநர் படிப்புப் படித்தவள். கடையின் அனுமதிச் சான்றிதழ் அவள் பெயரில்தான் இருக்கிறது. ஆனாலும், பேச்சு கிளம்பிய நாளிலிருந்து அவளைக் கடைக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். வந்தவர்களை உட்காரச் சொல்லவில்லை. எதற்காக வந்திருக்கிறார்கள் என்று கேட்கவுமில்லை.

நிதானமும் சுற்றி வளைக்கவில்லை. “கடைசிச் சொல்லுக்கு என்ன அடிச்சீங்கம்மா?”

துணி கண்ணாடியில் நின்றது.

அவள் திரும்பியபோது பயம் இல்லை, அலுப்புதான் இருந்தது. “என் பேரை,” என்றாள். “கறையில ஒண்ணும் தெரியல. சும்மா பார்ப்போம்னு என் பேரை அடிச்சேன். திறந்துச்சு.”

“எதுக்குத் திறந்தீங்க?”

“கடைக் கட்டடத்தை அடமானம் வெச்சு ஆசான்கிட்ட போடறதுன்னு மாமா முடிவு பண்ணினார். எனக்கு உறுத்திச்சு. கொஞ்சமா வித்து, காசு கைக்கு வருதான்னு பார்க்கலாம்னு நாத்தனார்கிட்ட கேட்டேன். ‘உங்களுக்கு ஒழுக்கம் போதாது அண்ணி’ன்னாங்க. அவங்க போனை வெச்சுட்டு வெளியே போனப்ப, அதையும் சீட்டையும் எடுத்தேன். அது தப்புதான்.”

“வித்தீங்களா?”

“‘விற்க’ன்னு இருந்ததை அழுத்தினேன். இருப்பு பூஜ்யம் ஆச்சு. காசு எங்கேயும் வரல. அப்பவே தெரிஞ்சுபோச்சு. இருந்தாத்தானே வரும்.”

“ஏம்மா,” என்று ஊசி குறுக்கிட்டாள், “அந்த நிமிஷமே கத்தியிருக்கலாமே. திருடின்னு பேர் வாங்கிக்கிட்டு ஜன்னல் துடைக்கறீங்க.”

மருமகள் துணியைப் பிழிந்தாள். பிழிவதற்கு அதில் தண்ணீர் இல்லை. “இது மோசடின்னு சொன்னா, அடுத்த கேள்வி என்ன? உங்களை யார் சேர்த்துவிட்டதுன்னு. தையல்காரர், பஸ் ஓட்டறவர், எதிர்வீட்டு டீச்சர், யாரைக் கேட்டாலும் மாமா பேரைத்தான் சொல்வாங்க. எனக்குத் திருடின்னு பேர் வந்ததும் வீட்டுல அடமானப் பேச்சு தானா நின்னுபோச்சு. எனக்கு அது போதும்னு இருந்துட்டேன்.”

ஊசியே இளகிப்போனாள். நிதானம் மட்டும் இளகவில்லை. தியாகம் என்ற சொல் எங்கே வந்தாலும், அதற்கான செலவு யார் தலையில் விழுகிறது என்று பார்ப்பது அவருடைய தொழில்.

“உங்க மாமா நிமிர்ந்து நடக்கணும். நல்லது,” என்றார். “அதுக்குத் தையல்காரர் இன்னும் எத்தனை மாசம் காசு கட்டணும்?”

அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. முகம் சிவந்தது. “அதை நினைக்காம இருந்திருப்பேன்னு நினைக்கறீங்களா? ராத்திரியெல்லாம் அதுதான். ஆனா மாமா பேரை நான் என் வாயால கெடுக்க மாட்டேன். நீங்க வேணும்னா கெடுத்துக்கங்க.”

---

பின்னறையில் பெரியவரிடம் நிதானம் எல்லாவற்றையும் சொன்னார். பூசி மெழுகவில்லை. கறையைச் சொன்னார், தாமரையைச் சொன்னார், மருமகள் வாய் திறக்காததன் காரணத்தையும் சொன்னார். கடைசியில், “ஒழுங்கா முதலீடு பண்றவன் ஒரு சின்னத் தொகையைப் போட்டு, அதையே திரும்ப எடுத்துப் பார்ப்பான் ஐயா. கைக்கு வந்தாத்தான் அடுத்தது. இங்கே எடுத்துப் பார்க்கறதையே பாவம்னு சொல்லிக் குடுத்திருக்காங்க,” என்றார்.

பெரியவர் கடைசிவரை கேட்டார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. முடித்ததும் எழுந்து, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, “வகுப்புக்கு நேரமாச்சு,” என்றார். நடந்து போய்விட்டார்.

“அவ்வளவுதானா?” என்றாள் ஊசி. “எடுக்கலன்னா எல்லார்கிட்டயும் சொல்லுன்னு காலையில எவ்வளவு கம்பீரமா சொன்னார். பந்தயம் கட்டுங்க அண்ணே. அங்கே போய் முன்வரிசையில உட்கார்ந்து, மேலே ஓடுற விசிறியைப் பார்த்துக்கிட்டிருப்பார். மருமகள் தலையில எல்லாத்தையும் கொட்டி மூடிடுவாங்க.”

நிதானம் பந்தயம் கட்டவில்லை. தோற்கிற பக்கம் காசு வைப்பதில்லை என்பது அவர் வழக்கம். தெரிந்த காவல் அதிகாரிக்கு ஒரு போன் மட்டும் செய்தார்.

---

நாற்காலி விற்கிற கடையின் அடியில் அந்தக் கூடம். இறங்க ஒரே படிக்கட்டு. குழல்விளக்கு வெளிச்சத்தில் எல்லோர் முகமும் ஒரே நிறம். சுவரில் ‘விற்காதவர்கள்’ என்ற தலைப்பில் மாணவர்களின் புகைப்படங்கள். எல்லாவற்றுக்கும் மேலே பெரியவருடையது. அதன் கீழே, வகுப்பைப் பார்த்தபடி போட்ட தனி நாற்காலியில் மருமகள். மகள் இரண்டாவது வரிசையில், போனைக் கைப்பைக்குள் போடுவதும் எடுப்பதுமாக இருந்தாள்.

ஆசான் வெள்ளை முழுக்கைச் சட்டையில் இருந்தார். கைக்கடிகாரம் கிடையாது. நேரத்தைப் பார்ப்பவன் முதலீட்டாளனே அல்ல என்று முதல் பாடத்திலேயே சொல்லியிருக்கிறாராம். அவர் வாய் திறப்பதற்கு முன்னால் வகுப்பு எழுந்து நின்று அந்த மூன்று கட்டளைகளையும் ஒரே குரலில் சொன்னது. நரைத்த தலைகள், தொந்திகள், ஓய்வூதியக்காரர்கள். பள்ளியில் பாடம் ஒப்பிக்க மறுத்த பிள்ளைகள்தான் பிற்காலத்தில் இப்படி ஒப்பிக்கிறார்கள் போலும் என்று நிதானம் நினைத்துக்கொண்டார்.

“நமக்கு வருத்தம் காசு போனதுல இல்ல,” என்று ஆசான் மென்மையாகத் தொடங்கினார். “ஒரு மனசு தடுமாறிடுச்சேன்னுதான்.”

முன்வரிசையில் பெரியவர் எழுந்தார். “நான் பேசணும்.”

“ஐயா பேசட்டும். குடும்பத்துப் பெரியவங்க பேசறதுதான் முறை.”

பெரியவர் வகுப்பைப் பார்த்துத் திரும்பினார். “என் மருமகள் எதையும் திருடல. இங்கே திருடறதுக்கு ஒண்ணும் இல்ல. ஆப்புல இருக்கிறது வெறும் எண்ணு. நாம கட்டின காசு இவர் பையில இருக்கு. நம்பலன்னா போனை எடுங்க. வாய்க்கு வந்த பன்னிரண்டு சொல்லை அடிங்க. திறக்கும்.”

யாரும் போனை எடுக்கவில்லை.

மூன்றாவது வரிசைத் தையல்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். “இன்னிக்கு வெள்ளிக்கிழமை இல்லையே ஐயா.”

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஆசான் முகம் ஒரு கணம் மாறி, உடனே சரியாயிற்று. “பதறாதீங்க. ஒருநாள் பதட்டம் வரும், அதுவும் நெருங்கினவங்க வழியா வரும்னு நான் சொல்லல? இதுதான் அது. கண்ணை மூடிக்கங்க.”

பாதிப் பேர் கண்ணை மூடினார்கள். பின்சுவரோரம் நிதானத்தின் பக்கத்தில் நின்றிருந்த ஊசி பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தாள். “மயக்க ஊசி போட்டாக்கூட இவ்வளவு சீக்கிரம் கேக்காது அண்ணே.”

பெரியவர் தம் போனை எடுத்தார். “ஏம்மா, உதவியாளரம்மா. மேலே என் பொண்ணு போன்ல அடிச்சியாமே, அந்தச் சொல்லெல்லாம். அதைச் சொல்லு.”

ஊசிக்குச் சங்கடமாகப் போயிற்று. “ஐயா, அதெல்லாம் சபையில சொல்ற மாதிரி...”

“சொல்லும்மா.”

அவள் சொன்னாள். அவர் மருந்துச் சீட்டை வாசிக்கிற கவனத்தோடு ஒவ்வொன்றையும் திருப்பி உரக்கச் சொல்லி, ஒற்றை விரலால் அடித்தார். மண்ணு. மரமண்டை. மக்கு. மட்டி. தெருவில் யாரும் எதிரே நின்று சத்தமாகப் பேசியிராத மனிதர், தம் படத்துக்குக் கீழே நின்று, தம் வாயாலேயே அத்தனை பட்டத்தையும் ஏற்றுக்கொண்டிருந்தார். அசடு என்றார். பேக்கு என்றார். ஒன்றையும் விழுங்கவில்லை. கண்ணை மூடியிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திறந்தார்கள்.

பன்னிரண்டாவது சொல்லுக்குப் பிறகு போனை உயர்த்திக் காட்டினார். தாமரை மலர்ந்தது. வாழ்நாள் சேமிப்பு முழுவதும் ஒரு வரியில் நின்றது. ‘விற்க’ என்பதை அழுத்தினார். பூஜ்யம்.

“எனக்கும் போச்சு,” என்றார். “உங்க எல்லாரையும் விட அதிகமா.”

முதலில் போனை எடுத்தது மகள்தான். தன் போனை அல்ல. பக்கத்தில் இருந்த பஸ் ஓட்டுநரின் கையிலிருந்து அவர் போனைப் பிடுங்கி, எதையோ கண்டபடி அடித்து, அவர் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். அதற்குப் பிறகு கூடம் முழுவதும் தாமரை மலர்ந்தது. ஒவ்வொரு மலருக்கும் ஒரு முனகல் கேட்டது.

ஆசான் சத்தமில்லாமல் படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தார். முதல் படியில் ஊசி கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“உட்காருங்க சார். போலீஸ் வந்துக்கிட்டிருக்கு,” என்றாள். “பதறாதீங்க.”

நிதானம் எதிர்பார்த்தது ஆசான் மேல் பாய்ச்சல். அது நடக்கவில்லை. மனிதர்கள் ஏமாற்றியவனிடம் முதலில் போவதில்லை, தாங்கள் நம்பியவனிடம்தான் போகிறார்கள். அவர்கள் பெரியவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“நீங்க சொன்னீங்கன்னுதானே ஐயா சேர்ந்தேன்,” என்றார் எதிர்வீட்டு டீச்சர்.

“ஆமா. நான்தான் சொன்னேன்.”

“என் பையன் படிப்புக்கு வெச்சிருந்தது. நீங்க சொன்னதால...”

“ஆமா. நான்தான் சொன்னேன்.”

ஒவ்வொருவருக்கும் அதையே சொன்னார். வேறு எதையும் சேர்க்கவில்லை. ஆசான் பெயரை இழுக்கவில்லை, வயதைச் சொல்லவில்லை, தாமும் இழந்ததை மறுபடி சொல்லவில்லை. மருமகள் தனி நாற்காலியிலிருந்து எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, விலகவும் சொல்லவில்லை.

கடைசியாகத் தையல்காரர் வந்தார். கோபப்படத் தெரியாத மனிதர். அதனால் அவர் கேட்டது மற்ற எல்லாவற்றையும் விட ஆழமாக இறங்கியது.

“இனிமே உங்க கையால மருந்து வாங்கி, நான் எப்படிங்க ஐயா முழுங்குவேன்?”

பெரியவர் சுவரிலிருந்த தம் படத்தை நிமிர்ந்து பார்த்தார். சட்டைப் பொத்தானை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார்.

“என் கையால வேண்டாம்,” என்றார். “நாளையிலேர்ந்து கடையில மருமகள் நிப்பா. அவ எதையும் சோதிச்சுப் பார்க்காம நம்பறவ இல்ல. அவகிட்ட வாங்குங்க.”

தையல்காரர் மருமகள் பக்கம் திரும்பினார். பிறகு சட்டைப் பையிலிருந்து, மடித்து மடித்து நைந்துபோன டாக்டர் சீட்டு ஒன்றை எடுத்து மருமகளிடம் நீட்டினார். “இது இருக்காம்மா?”

அவள் அதை விரித்து விளக்கு வெளிச்சத்துக்குத் திரும்பினாள். மேலிருந்து கீழ்வரை படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

பிறகுதான், “இருக்கு,” என்றாள்.